மூக்கைக் கேட்டுத்தான் முடிவு: குவெஸ்ட் 3, விஷன் ப்ரோ, ஒரு கண்ணாடிக் கடைக்காரன்

மருமகள் கேக் மாவு நிறுக்க வைத்திருக்கும் குட்டித் தராசில் முதலில் என் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். 24 கிராம். அதை எடுத்துவிட்டு மகனுடைய மெட்டா குவெஸ்ட் 3-ஐ, முகத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் திரையைப் பார்க்கும் அந்த வி.ஆர். ஹெட்செட்டை, வைத்தேன். 515. கம்பெனி சொல்லும் எடையும் அதுதான், ஏமாற்றவில்லை.

"என்னப்பா, வெங்காயம் மாதிரி நிறுத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று மகன் சிரித்தான்.

சிரிக்கட்டும். மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் 34 வருஷம் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் நான். முகத்தில் மாட்டுகிற எதுவானாலும் எனக்கு முதல் கேள்வி எடை, இரண்டாவது கேள்வி அந்த எடை எங்கே போய் உட்காருகிறது என்பது. பவர் எவ்வளவு சரியாகப் போட்டுக் கொடுத்தாலும், மூக்கில் இரண்டு சிவப்புத் தழும்பு விழுந்தால் அந்த ஆள் மூன்றாம் நாள் கடை வாசலில் நிற்பார். கடையை மூடியாகிவிட்டது. இப்போது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் மகன் வீட்டில் ஆறு மாத வாசம். வேறு வேலை இல்லாததால், இந்த ஊர்க் கம்பெனிகள் அடித்துக்கொள்ளும் ஹெட்செட் சண்டையை என் தொழில் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். கேம் எப்படி, ஆப் எத்தனை என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இளசுகள் யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளவும்.

சண்டையின் கதை சுருக்கமாக. 2023 ஜூன் 5-ம் தேதி ஆப்பிள் தன் விஷன் ப்ரோவை அறிவிக்கப் போகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நாலு நாள் முன்னால், ஜூன் 1-ம் தேதி, மெட்டா முந்திக்கொண்டு குவெஸ்ட் 3 வருகிறது என்று சொல்லிவிட்டது. எதிர்க்கடைக்காரன் ஆடித் தள்ளுபடி போர்டு வைப்பதற்கு முதல்நாள் நாம் வைப்போமே, அதே வேலை. குவெஸ்ட் 3 அந்த அக்டோபரில் 499 டாலருக்கு வந்தது. விஷன் ப்ரோ 2024 பிப்ரவரி 2-ம் தேதி 3,499 டாலருக்கு வந்தது. ஏழு மடங்கு. பதினோரே நாளில் மெட்டா முதலாளி ஜுக்கர்பர்க் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டார்: விலையில் மட்டுமல்ல, பொருளிலேயே எங்களுடையதுதான் மேல் என்று. அந்த வீடியோவையே குவெஸ்ட் 3-ன் கேமரா வழியாகத்தான் எடுத்தாராம். முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிர்க்கடைச் சரக்கைப் பேசினால் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல் இருக்கிறது என்று எங்கள் பக்கம் அர்த்தம். ஹெட்செட் செய்யும் இந்தப் பிரிவில் மட்டும் மெட்டா 2024-ல் 17.7 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியிருக்கிறது. உதறாதா பின்னே?

சரி, சரக்குக்கு வருவோம்.

குவெஸ்ட் 3-ஐக் கையில் எடுத்ததும் நான் தேடியது பி.டி. சக்கரம். இரண்டு கண்பாப்பாக்களுக்கும் நடுவே மில்லிமீட்டரில் அளக்கும் தூரம்தான் பி.டி. அது தப்பினால் எவ்வளவு உசத்தியான லென்ஸும் வீண், தலைவலி நிச்சயம். அடிப்பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். திருகத் திருக உள்ளே எண் ஓடுகிறது. என் கண்ணுக்குப் பளிச்சென்று வந்த இடத்தில் நிறுத்தினேன். 62. பெட்டியிலிருந்து என் பழைய பி.டி. ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி முன் நின்று அளந்தேன். 62. அந்த இடத்தில் எனக்கு இந்தக் கம்பெனிமேல் மரியாதை வந்துவிட்டது. 58-லிருந்து 71 வரை சக்கரம் போகிறது. இதன் மலிவுத் தம்பி குவெஸ்ட் 3எஸ், 299 டாலருக்கு 2024-ல் வந்தது. அதில் சக்கரம் கிடையாது. 58, 63, 68 என்று மூன்றே நிலை. ரெடிமேட் சட்டை மாதிரி, உங்கள் உடம்பு அந்த மூன்று சைஸில் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. மெட்டா பத்து வயதிலிருந்து பிள்ளைகளை அனுமதிக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பி.டி. பெரும்பாலும் 55 பக்கம்தான் இருக்கும். பேத்திக்குப் பதினொன்று. அவளுக்கு 3எஸ் வாங்கலாமா என்று மகன் கேட்டபோது ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். 56. வேண்டாம், இதிலேயே அரை மணி நேரம் விளையாடட்டும் என்றேன். விஷன் ப்ரோவுக்குப் பதின்மூன்று வயது ஆக வேண்டும், அந்தப் பேச்சே இல்லை.

அண்ணன் தம்பிக்குள் இன்னொரு பெரிய வித்தியாசம் லென்ஸ். 3எஸ்ஸில் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ். வட்ட வட்டமாக வெட்டு விழுந்த மெல்லிய லென்ஸ். ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தது. எடை குறையும், ஆனால் அந்த வெட்டு விளிம்புகளில் ஒளி சிதறி, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் கதிர்போல் நீட்டிக்கொள்ளும். குவெஸ்ட் 3-ல் இருப்பது பேன்கேக் லென்ஸ். திரைக்கும் லென்ஸுக்கும் இடையே கொஞ்சம் தூரம் இருந்தே ஆக வேண்டும். அந்தத் தூரம்தான் பழைய ஹெட்செட்டுகளை முகத்தில் செருப்புப் பெட்டி மாட்டியதுபோலத் துருத்த வைத்தது. பேன்கேக்கில் பாதி ஒளியைத் திருப்பிப் பாதியை விடும் ஓர் அரைக்கண்ணாடிக்கும், ஒளி அதிரும் திசையைப் பார்த்து வடிகட்டும் போலராய்சர் படலத்துக்கும் நடுவே ஒளியை முன்னும் பின்னும் அடித்து, புடவை மடிப்பதுபோல மடித்துவிடுகிறார்கள். தூரம் சுருங்குகிறது, பெட்டி மெலிகிறது. கூலியாக ஒளியைக் கொடுக்க வேண்டும்: திரையிலிருந்து கிளம்புவதில் நாலில் ஒரு பங்குக்குமேல் கண்ணுக்கு வந்து சேராது, கணக்கே அப்படி. எதிரே இருக்கும் திரையின் வெளிச்சத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறார்கள். பேட்டரி இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெளிவைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே மொழி, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. பழுதில்லாத 6/6 பார்வை என்றால் ஒரு பாகையை (டிகிரி) அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கை உங்கள் கண் பிரித்துப் பார்க்கிறது என்று பொருள். குவெஸ்ட் 3 ஒரு பாகைக்கு 25 புள்ளி தருவதாக மெட்டா சொல்கிறது. அறுபதை இருபத்தைந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 6/6 கண்ணோடு உள்ளே போகிறவருக்கு 6/12-க்கும் 6/18-க்கும் நடுவே எங்கோ ஒரு பார்வைதான் கிடைக்கும் (கீழ் எண் கூடினால் பார்வை மங்கல்). கடைக்கு வந்தால் கண்ணாடி எழுதிக் கொடுத்திருப்பேன். விளையாட இது தாராளம். வாளால் கட்டையை வெட்டும் விளையாட்டில் யார் எழுத்துக் கூட்டப் போகிறார்கள்? ஆனால் உள்ளே பெரிய திரை விரித்து நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்றால், எட்டாம் வகுப்புப் பையன் கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைப் பார்ப்பதுபோலத்தான்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் சொல்வதில்லை. நிஜத்தில் ஒரு பொருள் கிட்டே வந்தால் இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் கிட்டத்துக்கு இறுகும். ஹெட்செட்டுக்குள் கண் திரும்புகிறது, ஒளியோ எப்போதும் ஒரே தூரத்திலிருந்து வருவதுபோல்தான் வருகிறது. திரும்பச் சொல்கிற கட்டளையும் இறுகச் சொல்கிற கட்டளையும் ஒத்துப்போகாமல் இளங்கண்கள் களைக்கின்றன. வெள்ளெழுத்து வந்த எங்களைப் போன்றவர்களுக்குக் கண் லென்ஸ் எப்போதோ இறுகுவதை மறந்துவிட்டது, குழம்ப ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் போட்டிருந்தும் எனக்குக் கண் வலிக்கவில்லை. மகன் இருபது நிமிஷத்தில் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்க்கிறான். கிழவனாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

கண்ணாடி போடுகிறவர்கள் அதோடேயே குவெஸ்ட் 3-ஐ மாட்டிக்கொள்ளலாம். முகத்தில் படும் பஞ்சுச் சட்டத்தை நாலு நிலையில் முன்னே தள்ளிக்கொள்ள வசதி இருக்கிறது. ஆனால் உங்கள் கண்ணாடியும் அதன் லென்ஸும் உரசினால் கீறல் விழும், அதனால் உள்ளேயே பொருத்தும் பவர் லென்ஸ் வாங்கிக்கொள்வது நல்லது. இதற்கென்று இங்கே நிறைய ஆன்லைன் கடைகள் இருக்கின்றன. ஒன்றில் ஆர்டர் போட்டேன், பெயர் வேண்டாம். வந்ததைப் போட்டுப் பார்த்தால் இடது கண்ணில் எல்லாம் லேசாக இழுத்த மாதிரி இருந்தது. கழற்றி, கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்தபடி லென்ஸை மெல்லத் திருப்பினேன். கோடு கத்தரிபோல் விரிந்து மூடியது. சிலிண்டர் ஆக்ஸிஸ், அதாவது சிலிண்டர் பவர் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்ற எண், 90 எழுதியிருந்தேன். 180-ல் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எழுதிக் கேட்டதற்கு, நீங்கள் கொடுத்தபடிதான் செய்திருக்கிறோம் என்று பதில். என் ஆர்டரையே படம் பிடித்து அனுப்பிய பிறகு, பன்னிரண்டு நாள் கழித்து வேறு ஜோடி வந்தது. லென்ஸின் பவரை அளக்க லென்சோமீட்டர் என்று ஒன்றைக் கண்டுபிடித்து எத்தனை காலம் ஆகிறது ஐயா, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வைத்துப் பார்க்க மாட்டீர்களா?

அந்த லென்சோமீட்டரை நான் மறுபடி பார்த்தது வேறு இடத்தில். வேலி ஃபேர் மாலில் இருக்கும் ஆப்பிள் கடையில் விஷன் ப்ரோவை அரை மணி நேரம் இலவசமாகப் போட்டுக் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்தால் போதும். அங்கே இருந்த பெண் போனால் முகத்தை வட்டமாகப் படம் பிடித்தாள், பிறகு என் கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்தாள். பச்சை எழுத்து ஓடியதும் எனக்குப் புரிந்துவிட்டது. என் பவருக்குப் பக்கத்தில் வரும் ஜெய்ஸ் லென்ஸை ஒரு தட்டிலிருந்து எடுத்து காந்தத்தில் 'டக்' என்று ஒட்டினாள். சொந்தமாக வாங்கினால் பவர் லென்ஸுக்குத் தனியாக 149 டாலர், படிக்கிற பவர் மட்டும் என்றால் 99. உள்ளே பி.டி.யை மோட்டாரே நகர்த்திக்கொள்கிறது. நாலு வருஷம் வேலை பழகிய பையன் செய்கிற காரியத்தை மூன்று விநாடியில் செய்கிறது. பொறாமைதான்.

அப்புறம் வட்டமாக வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விரலைக் கிள்ள வேண்டும், மூன்று சுற்று, சுற்றுக்குச் சுற்று வெளிச்சம் கூடும். எதைப் பார்க்கிறோமோ அதுதான் மவுஸ், கிள்ளுவதுதான் கிளிக். எனக்கு வலது கண்ணில் சர்க்கரை கொஞ்சம் விளையாடிவிட்டது. லேசர் வைத்தும் 6/24-தான். மகன் முன்கூட்டியே படித்து வைத்திருந்து, இடது கண்ணை மட்டும் கவனிக்கும்படி செட்டிங்கில் மாற்றச் சொன்னான். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மலை இடுக்கில் கயிற்றின்மேல் நடக்கும் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன.

ஆனால் எனக்கு நிஜமாக வித்தியாசம் தெரிந்தது அதில் இல்லை. கடையைக் காலி செய்த கடைசி நாள், மகன் தன் ஐபோனில் ஸ்பேஷியல் வீடியோ, அதாவது ஹெட்செட்டில் பார்த்தால் ஆழத்தோடு தெரியும் வீடியோ, எடுத்திருந்தான். வீட்டில் குவெஸ்ட்டில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வகை வீடியோவை ஓட்டும் வசதியை, விஷன் ப்ரோ விற்பனைக்கு வந்த அதே மாதம் மெட்டாவும் கொண்டுவந்துவிட்டது. போட்டியால் நமக்குக் கிடைத்த லாபங்களில் ஒன்று. ஆப்பிள் கடையில், உங்கள் போனில் ஏதாவது இருந்தால் பார்க்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அதே ஒரு நிமிஷ வீடியோ. ஃபிரேம் அலமாரிக்குப் பின்னால் எப்போதும் ஒரு இருட்டு மூலை இருக்கும், பல்பு போட்டாலும் போகாது. குவெஸ்ட்டின் திரை எல்.சி.டி., கருப்பு அதில் சாம்பலாகத்தான் வரும். அந்த மூலை எனக்கு ஏதோ வெள்ளையடித்த மாதிரித் தெரிந்துகொண்டிருந்தது. இங்கே மைக்ரோ ஓ.எல்.இ.டி., கருப்பு என்றால் விளக்கே அணைந்த கருப்பு. மூலை மூலையாகவே இருந்தது. அதன் முன்னால் நின்று நான் எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை ஓட்டச் சொன்னேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விஷன் ப்ரோவுக்கு வெளிப்பக்கமும் ஒரு திரை, போட்டிருப்பவரின் கண்ணை எதிரே இருப்பவருக்குக் காட்ட. சிரிக்காதீர்கள். என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "இதுல என் கண்ணு எடுப்பாத் தெரியுமா?" என்பதுதான். அதைப் புரிந்துகொண்ட ஒரே கம்பெனி இது. ஆனால் அந்தக் கண்ணைக் காட்ட இன்னொரு திரை, அதன்மேல் வளைந்த கண்ணாடி, எல்லாம் முகத்துக்கு முன்னால். முதலில் வந்தது 600-லிருந்து 650 கிராம், பேட்டரி தனி, அது 353 கிராம், வயரோடு சட்டைப்பையில். 2025 அக்டோபரில் எம்5 சிப் போட்டுப் புதுசு வந்தது, விலை அதே 3,499. எடை குறைந்திருக்கும் என்று பார்த்தால் 750-க்கும் 800-க்கும் நடுவே! விசாரித்தால், முன்பாரத்தைச் சமன் செய்ய தலைப்பட்டையின் பின்பக்கத்தில் டங்ஸ்டன் கட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். லேசாகத் தோன்றுவதற்காகக் கனமாக்கியிருக்கிறார்கள். தொழில்ரீதியாக இது சரியான வைத்தியம்தான். மைனஸ் பதினெட்டு போட்ட ஒரு வாத்தியாருக்கு நானே பின்னால் கயிறு கட்டி மூக்குப் பாரத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வைத்தியம் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிகிறதே. என் கழுத்துத் தேய்மானத்துக்கு அரை மணி நேரம் போதும்.

சாம்சங்கும் கூகுளும் கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த ஹெட்செட் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலர், 545 கிராம், பேட்டரி 302 தனி. நான் போட்டுப் பார்க்கவில்லை. கூகுளுக்கு இது மறுபிறவி. 2014-ல் போனைச் செருகிப் பார்க்க அட்டைப்பெட்டியில் இரண்டு குவிலென்ஸ் ஒட்டிக் கொடுத்தார்களே, மதுரை நடைபாதையில்கூட அதன் நகல் கிடைத்தது. பக்கத்து டீக்கடைப் பையனுடையதில் ஒரு லென்ஸ் விழுந்துவிட, நான்தான் வேறு போட்டுக் கொடுத்தேன். மைக்ரோசாஃப்ட் தன் ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2-ஐ 2024-ல் நிறுத்திவிட்டது. எல்லாவற்றையும்விட வேடிக்கை பால்மர் லக்கியின் கதை. 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி, குவெஸ்ட்டுக்கு மூலமான ஓக்குலஸ் கம்பெனியை ஆரம்பித்த பையன், 2014-ல் இரண்டு பில்லியன் டாலருக்கு ஃபேஸ்புக்கிடம் (இன்றைய மெட்டா) விற்று, 2017-ல் அங்கிருந்து வெளியேறி, 2025-ல் தன் ஆயுதக் கம்பெனி சார்பாக அதே மெட்டாவோடு கைகோத்து ராணுவத்துக்கு ஹெட்செட் செய்கிறார். சம்பந்தி சண்டை தோற்றது.

வாங்கலாமா என்று கேட்டால்: வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்து, பி.டி. ஒத்துவந்து, வியர்க்க விளையாடுவார்கள் என்றால் குவெஸ்ட் 3 கொடுத்த காசுக்கு மோசமில்லை. வாங்கினால் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தது ஞாபகம் இருக்கும். வெயில் அந்த லென்ஸ் வழியாகப் போய்த் திரையைப் பொசுக்கிவிடும். பக்கத்தில் மேஜை விளக்கு இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டாதே என்று ஹெட்செட் காட்டியும் கேட்காமல் விளக்கின்மேல் மட்டையை வீசியது நான்தான், மருமகளிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. விஷன் ப்ரோ பார்க்க வேண்டிய பொருள். கடையில் போய் இலவசமாகப் பாருங்கள்.

போன வாரம் மகன் லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைக்குக் கூட்டிப்போனான், சாதாரணக் கண்ணாடிக் கடை. அங்கே மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளே இருக்கிறது, லென்ஸுக்குள்ளேயே குட்டித் திரை வைத்த மூக்குக்கண்ணாடி, 799 டாலர், 69 கிராம். என் கண்ணாடியின் மூன்று மடங்கு கூட இல்லை. உள்ளே போனதும் ஃபிரேம் துடைக்கும் திரவத்தின் வாசனை, எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இத்தனை கோடி செலவழித்து, கடைசியில் எங்கள் ஆட்களிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மெட்டா இப்போது ரே-பேன் செய்யும் எஸ்சிலோர்லக்சாட்டிகாவில் பங்கும் வாங்கி வைத்திருக்கிறது. லென்ஸில் ஒரு பாகைக்கு 42 புள்ளி, ஏறக்குறைய 6/9 வரி. பவர் மைனஸ் நாலிலிருந்து பிளஸ் நாலு வரை போட்டுத் தருவார்கள். கையில் ஒரு பட்டை, விரலை அசைத்தால் போதும். அந்தப் பெண் மாட்டிவிட்டாள், மூக்கில் சரியாக உட்கார்ந்தது.

"எழுத்து தெரிகிறதா சார்?"

ஒரு சதுர வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. திரை வலது லென்ஸில் மட்டும்தானாம். இடது கண்ணுக்குச் செய்கிறார்களா என்று கேட்டேன், இப்போதைக்கு இல்லை என்றாள். கழற்றினேன், கீலை ஒருமுறை மூடித் திறந்து பார்த்து, சட்டை நுனியால் துடைக்கப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டு மேஜைமேல் இருந்த துணியால் துடைத்து, லென்ஸ் மேலே பார்க்கும்படி வைத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்களும் இந்த லைன்தானா சார்?"